அவளுக்கும் கொஞ்சம்

அவர்கள் பங்களாவுக்கு வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. விட்டிருந்தது என்றும் சொல்ல முடியாது. பெய்யாமல் தொங்கிக்கொண்டிருந்தது. தேயிலைச் சரிவு பாதி உயரத்தில் மறைந்து, அதற்கு மேல் ஒன்றுமே இல்லாமல் வெள்ளையாக இருந்தது.

ஜனார்தன் காரை நிறுத்திவிட்டு இடுப்பைப் பிடித்தபடி இறங்கினான். அவனுக்கு ஒரகடத்தில், கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை. வருடத்துக்கு ஒருமுறை பராமரிப்புக்காக பிளான்ட்டை மூடுவார்கள். அது ஜூலையில் வரும். அதனால் அவர்கள் எந்த மலைக்குப் போனாலும் மழையில்தான் போவார்கள். அறையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். இந்த முறை வால்பாறை.

அரவிந்தவல்லி பின்கதவைத் திறந்து மகளை எழுப்பினாள். மேதாவுக்கு எட்டு வயது. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து, வயிறு காலியானதும் பசிக்கிறது என்று அழுது, அழுத களைப்பில் தூங்கிப் போயிருந்தாள். கண்ணைத் திறந்து வீட்டைப் பார்த்தவள், ஃபோட்டோவில் பெரிசாக இருந்ததே என்றாள்.

பங்களாவைப் பார்த்துக்கொள்கிற ஞானம்மா தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். ஒடிசலான பெண். சட்டைக்கு மேல் சட்டை போட்டிருந்தும் தோள் எலும்பு தெரிந்தது. பெட்டிகளை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். சமைத்துத் தரட்டுமா என்று கேட்டாள். நாங்களே சமைத்துக்கொள்வோம் என்றாள் அரவிந்தவல்லி. வெளியில் போனால் அவர்கள் வீட்டில் அதுதான் பழக்கம். ஞானம்மா அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினாள். போகும்போது, சாப்பிடுகிறபோது வராந்தா கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னாள். அட்டை ஏறுமாம்.

"சாப்பிடும்போதுதான் ஏறுமா?" என்று ஜனார்தன் சிரித்தான்.

"எப்பவும் ஏறும்யா. சாப்பிடும்போது தெரியாது."

வீடு ஈரச் சுவர் வாடை அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. பச்சிலையைப் பறித்துக் குவித்து, காய விடாமல் மூடி வைத்தது போன்ற வாடை. தேயிலை எஸ்டேட்டில் வேறென்ன வாடை வரும் என்றான் ஜனார்தன்.

இருட்டுவதற்கு முன்பே விளக்கு போட வேண்டியிருந்தது. அரவிந்தவல்லி சாதம் வடித்து, சாத்தமுது என்று அவர்கள் சொல்கிற ரசம் வைத்து, உருளைக்கிழங்கு வதக்கினாள். பெட்டியில் கொண்டுவந்திருந்த சின்னப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தாள். பொள்ளாச்சியில் வாங்கிய வாழையிலையைத் தரையில் போட்டாள். மேதா ஓடிவந்து உட்கார்ந்தாள்.

ஜனார்தன் எழுந்து போய், ஞானம்மா சாத்திவைக்கச் சொன்ன வராந்தா கதவைத் திறந்தான்.

இது அவன் அப்பாவின் வழக்கம். ஸ்ரீபெரும்புதூரில் கோயில் கைங்கர்யத்தில் இருந்தவர். சாப்பிட உட்காரும் முன் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து, யாராவது சாப்பிடாமல் இருக்கிறீர்களா என்று கேட்பார். ஒரு பசுவைக் கறக்கிற நேரம் நிற்பார். யாராவது வந்தால் அவருக்கும் இலை. வராவிட்டால் அவர் வந்து உட்காருவார். சாப்பிட்டு முடிக்கும்வரை கதவைச் சாத்த மாட்டார். அவர் போன பிறகு ஜனார்தன் அதை எடுத்துக்கொண்டான். அபார்ட்மென்டின் மூன்றாவது மாடியில் லிஃப்டைப் பார்த்துக் கேட்பான். எதிர்வீட்டுக்காரர்கள் முதலில் மிரண்டு, பிறகு பழகிப்போனார்கள். ஒருநாள் கொரியர் கொடுக்க வந்தவன் நிஜமாகவே பசிக்குது சார் என்று உள்ளே வந்து, இரண்டு முறை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனான். அதை ஜனார்தன் ஆபீஸ் முழுக்கச் சொன்னான்.

ஆனால் அதெல்லாம் தெருவும் ஆளும் உள்ள இடம். எதிரில் ஒன்றுமே இல்லாத இடத்தில் அவன் அப்படிக் கேட்டது அன்றைக்குத்தான்.

"யாராவது சாப்பிடாம இருக்கேளா? வாங்கோ."

குரல் மேகத்துக்குள் போயிற்று. அதுவரை கத்திக்கொண்டிருந்த தவளைகள் நின்றன.

ஜனார்தன் நின்றான். வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றதாக அரவிந்தவல்லிக்குத் தோன்றியது. போதும், சாதம் ஆறுகிறது என்று கூப்பிட்டாள். அவன் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

அப்போது மேதா நகர்ந்தாள். தன் இலையையும் இழுத்துக்கொண்டு, பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்தாள்.

"ஏண்டி நகர்றே?"

"அந்தக்கா உக்காரட்டும்."

எந்த அக்கா என்று ஜனார்தன் கேட்டான். நனைந்துபோய் நிற்கிறாளே என்றாள் மேதா. தன் சாதத்தை விரலால் இரண்டாக வகுந்து, ஒரு பாதியை இலையின் ஓரத்துக்குத் தள்ளினாள். ஜனார்தனுக்குப் பெருமை தாங்கவில்லை. தாத்தா புத்தி அப்படியே வந்திருக்கிறது பார் என்றான். அரவிந்தவல்லியும் சிரித்தாள். மோர் எடுத்துவர உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது அந்தப் பாதி இல்லை.

மேதாவின் வாய் நிறைய சாதம் இருந்தது. தான் சாப்பிடவில்லை என்று தலையாட்டினாள்.

ஒரு குழந்தை தன் இலையில் இருந்ததைத் தின்றது என்று வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். ஆனால் தட்டைப் பார்ப்பது அரவிந்தவல்லியின் வேலை. அவள் ஒரகடத்தில் இன்னொரு தொழிற்சாலையில் வெல்ஃபேர் ஆபீசர். கேன்டீனும் பெண்கள் ஹாஸ்டலும் அவள் பொறுப்பு. ஷிஃப்ட் முடிந்து பெண்கள் தட்டைக் கழுவப் போடுகிற இடத்தில் தினமும் நிற்பாள். யார் சாப்பிடாமல் கொட்டுகிறாள் என்று பார்ப்பாள். அவள்தான் நாளைக்கு லைனில் மயங்கி விழுவாள். சாப்பிட்டவர்களின் தட்டு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எவ்வளவு வழித்துத் தின்றாலும் கறிவேப்பிலை இருக்கும். மிளகாய் இருக்கும். விரல் இழுத்த கோடு இருக்கும்.

இலையில் மேதா சாப்பிட்ட பக்கத்தில் இதெல்லாம் இருந்தது.

மற்றப் பக்கத்தில் எதுவும் இல்லை. ஒரு பருக்கை இல்லை. கடுகு இல்லை. இலை துடைத்தது போல் உலர்ந்திருந்தது.

நாய் என்று நினைத்துக்கொண்டாள். கதவு திறந்திருந்தது. நாய் வந்திருக்கும்.

மறுநாள் பகலெல்லாம் மழை. மேதா ஜன்னலோரம் உட்கார்ந்து முணுமுணுவென்று பேசிக்கொண்டிருந்தாள். லட்டு கேட்டாள். இரண்டு கேட்டாள். தலைபின்னிவிடும்போது அவள் முடியில் அந்தப் பச்சிலை வாடை இருந்தது. ஷாம்பு போட்டு அலசியும் போகவில்லை.

மாலை சாப்பாட்டுக்கு முன் ஜனார்தன் வாசலுக்கு எழுந்தான்.

"வேணாம்ப்பா," என்றாள் மேதா. "அவ உள்ளதான் இருக்கா."

அரவிந்தவல்லி ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில். குளியலறையில். திரைக்குப் பின்னால். ஆள் யாரும் இல்லை. தரை மட்டும் அங்கங்கே ஈரமாக இருந்தது. அந்த வீட்டில் தரை எங்கேதான் ஈரமாக இல்லை.

கிளம்புகிற அன்று ஞானம்மா பெட்டிகளைக் காரில் ஏற்றினாள். பாப்பா நன்றாகச் சாப்பிடுகிறதா என்று கேட்டாள். சாப்பிடுகிறாள் என்றாள் அரவிந்தவல்லி. ஞானம்மா தலையை ஆட்டினாள். பிறகு முதல்முறையாகச் சிரித்தாள். அது என்ன சிரிப்பு என்று அரவிந்தவல்லிக்குப் பிடிபடவில்லை.

முதல் வளைவில் திரும்பும்போது பார்த்தாள். ஞானம்மா வராந்தா கதவை விரியத் திறந்துவைத்து, படியில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

*

ஆகஸ்டில் மேதாவின் ஸ்கூல் பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்த வேண்டியிருந்தது.

வளர்கிற பிள்ளை என்றார்கள். வயிற்றில் பூச்சி என்றார் டாக்டர். பூச்சி மருந்து கொடுத்தார்கள். பிறகு ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தது. எல்லாம் சரியாக இருந்த குழந்தை மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்தாள். காதோரம் நரம்பு தெரிந்தது.

டிபன் பாக்ஸ் காலியாகத்தான் வந்தது. வீட்டிலும் தட்டு காலிதான். அவ்வளவும் எங்கே போகிறது?

அரவிந்தவல்லி முதலில் வேலைக்கு வருகிற சந்தனமாரியைச் சந்தேகப்பட்டாள். தான் ஆபீஸிலிருந்து வரும்வரை குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். குழந்தையின் சாப்பாட்டை அவள்தான் சாப்பிடுகிறாள் என்று நினைத்தாள். நேராகக் கேட்கவும் கேட்டாள். சந்தனமாரி பெருக்குவதை நிறுத்தினாள்.

"உன் வூட்டு சோறு எனக்கின்னாத்துக்குமா? கொயந்த தட்டுல கைய வெக்கிற பொம்பளையா நானு?"

துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டுப் போனாள். திரும்ப வரவில்லை.

அதற்குப் பிறகும் மேதா இளைத்தாள்.

பிறகு ஸ்கூலைச் சந்தேகப்பட்டாள். பக்கத்தில் உட்காருகிற குழந்தைகளைச் சந்தேகப்பட்டாள். கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தட்டில் தயிர்சாதம் போட்டு மேதாவின் முன் வைத்து, எதிரில் உட்கார்ந்தாள். ஜனார்தனுக்கு அன்று வேலை நாள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

மேதா சாதத்தை இரண்டாக வகுந்தாள். பெரிய பங்கை ஓரத்துக்குத் தள்ளினாள். இப்போதெல்லாம் பெரிய பங்கு அந்தப் பக்கம்தான் போகிறது என்பதை அரவிந்தவல்லி அப்போதுதான் கவனித்தாள்.

அவள் கண்ணை எடுக்கவில்லை.

மின்விசிறி ஓடியது. கீழே யாரோ பைக்கை உதைத்தார்கள். கண் எரிந்தது. இமைக்கவில்லை.

சாதக் குவியலின் அந்தப் பக்கம் அமுங்கியது.

நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் விழுந்தது. எதிர்ப் பக்கத்திலிருந்து அள்ளிய பள்ளம்.

இன்னொரு பள்ளம்.

வாடை வந்தது. வாடிய இலை வாடை.

"மேதா," என்றாள். "யாருடி அது?"

"அக்காம்மா."

"அவளைப் போகச் சொல்லு."

மேதா அம்மாவைப் பார்த்தாள். கண் பெரிதாகி, முகம் சின்னதாகியிருந்தது.

"சாப்பிடறவாளை எழுப்பக்கூடாதும்மா. அப்பா சொல்லியிருக்கார்."

அன்று ஜனார்தன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மறுப்பான் என்று எதிர்பார்த்திருந்தாள். அவன் மறுக்கவில்லை. லிஃப்டில் அந்த வாடை வருகிறது என்றான். வந்து ஒரு மாதமாகிறது என்றான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அவன் எழுந்து போய் மேதா தூங்குகிறாளா என்று பார்த்தான்.

அவர்கள் தனியாக ஒரு இலை போட்டுப் பார்த்தார்கள். குழந்தைக்குப் போடும் முன்பே அதில் பரிமாறினார்கள். அது அப்படியே காய்ந்து கிடந்தது. கூப்பிட்டது அப்பா. ஆனால் நகர்ந்து இடம் கொடுத்து, தன் சாதத்தில் பங்கு வைத்தது குழந்தை. வந்தவளுக்கு அந்தப் பங்குதான் வேண்டும் போலிருந்தது. அரவிந்தவல்லி தன் தட்டை மேதாவின் தட்டோடு ஒட்டிவைத்தாள். தன் சாதத்தை அந்தப் பக்கம் தள்ளினாள். எடுத்துக்கோ என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள். அதைத் தொட ஆளில்லை. தாய் கொடுப்பது விருந்தா, லஞ்சமா என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வாசலில் நின்று போகச் சொல்லுங்கள் என்று ஜனார்தனிடம் மன்றாடினாள். கூப்பிட்டவர்தானே.

"வான்னு கூப்பிட்டுட்டு, பாதிச் சாப்பாட்டுல எப்படி வல்லி போன்னு சொல்றது? எங்கப்பா..."

"உங்கப்பா செத்துப் போயாச்சு. இவளும் போயிடுவா."

அவன் வாசலுக்குப் போனான். கதவைத் திறந்தான். நின்றான். அவனால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

பெருமாளுக்கு வேண்டிக்கொண்டார்கள். அது போதாமல், யாருக்கும் சொல்லாமல் அரவிந்தவல்லி வல்லக்கோட்டைக்குப் போய் முருகன் சன்னிதியில் நின்றாள். அவர்கள் வீட்டில் யாரும் முருகன் கோயிலுக்குப் போனதில்லை. என்ன வேண்டிக்கொள்வது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. குழந்தை என்று மட்டும் சொன்னாள்.

செப்டம்பர் கடைசியில் மேதா ஸ்கூலுக்குப் போவது நின்றது.

*

ஆயுத பூஜை அன்று தொழிற்சாலைகளில் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனம் தெளித்து, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டியிருப்பார்கள். வருடம் முழுக்க யூனிஃபார்மில் இருக்கும் பெண்கள் பட்டுப் பாவாடை தாவணியில் வந்து லைன் முன்னால் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொள்வார்கள். கேன்டீனில் வடை பாயசத்தோடு சாப்பாடு. வெல்ஃபேர் ஆபீசர் அன்று லீவு போட முடியாது. குழந்தையை வீட்டில் விடவும் மனமில்லை. மேதாவைத் தூக்கிக்கொண்டு போனாள். எட்டு வயதுக் குழந்தையை ஒரு கையால் தூக்க முடிந்தது.

கேன்டீனில் இடமில்லை. பெஞ்சு பெஞ்சாகப் பெண்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள். ஒருத்தி தட்டில் இன்னொருத்தி கை. சோற்றைப் பிசைந்து உருட்டி எதிரில் இருப்பவள் வாயில் திணிப்பார்கள். முதலில் வேலைக்குச் சேர்ந்தபோது அரவிந்தவல்லிக்கு அதைப் பார்க்க என்னவோ போலிருக்கும். எச்சில் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மேதா தட்டோடு நின்றாள். உட்காரவில்லை.

பெஞ்சின் ஓரத்தில் இருந்தவள் தங்கமாரி. சாத்தான்குளத்துப் பக்கம். ஹாஸ்டலில் அவள் குரல்தான் மேலே கேட்கும். நல்ல உடம்பு. சாப்பாட்டுக்கு அவளைப் பற்றி அரவிந்தவல்லி கவலைப்பட்டதே இல்லை.

"எம்மா, யாரு பெத்த புள்ள இது, ஈர்க்குச்சி கணக்கா இருக்கு? மேடம் மவளா? வா தாயி, இங்கன உக்காரு."

"நாங்க ரெண்டு பேர்," என்றாள் மேதா.

பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. தங்கமாரி சிரிக்காமல், நிஜமாகவே இரண்டு பேரைப் பார்ப்பவள் போல மேதாவுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிள்ளைகளோடு விளையாடத் தெரிந்தவள்.

"ரெண்டு பேரா? சரி, கூட்டிட்டு வா. ஏளா, கொஞ்சம் தள்ளுங்களா." அடுத்தவளை இடுப்பால் இடித்து நகர்த்தினாள். பெஞ்சில் ஓர் ஆள் இடம் விழுந்தது. "அவளுக்குத் தட்டு இல்லயே. என் தட்டுல தின்னட்டும். என்ன மேடம்?"

சாதத்தை வகுந்த அவள் விரல் நடுவில் நின்றது. அவள் அரவிந்தவல்லியை நிமிர்ந்து பார்த்தாள். விளையாட்டுக்கு ஒரு வார்த்தை வேண்டும், அவ்வளவுதான்.

அரவிந்தவல்லி மேதாவின் கையைப் பிடித்தாள்.

சிரித்துவிட்டு மேதாவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். வேண்டாம் தங்கமாரி என்றிருக்கலாம். அந்தப் பெண்ணின் பெயர் அவளுக்குத் தெரியும். அவள் அம்மா உளுந்து காட்டில் கூலிக்குப் போகிறவள் என்று தெரியும். ரத்த குரூப்கூடத் தெரியும்.

மேதாவின் மணிக்கட்டு அவள் கைக்குள் இருந்தது. குச்சி.

"அவளுக்கும் கொஞ்சம் வை," என்றாள்.

தங்கமாரி ஒரு பங்கை ஓரத்துக்குத் தள்ளினாள்.

மேதா உட்காரவில்லை. அந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். ஏதோ கேட்டதைப் போல் தலையாட்டினாள். பிறகு அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு, நான் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்றாள்.

எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டாள். வடை சாப்பிட்டாள். சாதத்தை வகுக்காமல் சாப்பிட்டாள். பாயசத்தை இரண்டாம் முறை கேட்டாள். அரவிந்தவல்லி மகளின் தட்டைப் பார்க்கவில்லை. தங்கமாரியின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கமாரி கைகழுவப் போகும்போது அந்தத் தட்டின் பாதி பளபளவென்று இருந்தது.

*

தீபாவளிக்கு எடுத்த சட்டை மேதாவுக்குக் கார்த்திகைக்கு இறுக்கியது.

என்ன மருந்து கொடுத்தாய் என்று ஜனார்தன் கேட்டான். முருகனுக்கு வேண்டிக்கொண்டேன் என்றாள். லிஃப்டில் வாடை இல்லை என்றான். வேறொன்றும் கேட்கவில்லை. சாப்பிடும் முன் வாசலுக்குப் போவதை அவன் விட்டிருந்தான். அதைப் பற்றியும் இருவரும் பேசவில்லை. வீட்டில் எதைப் பேசாமல் இருப்பது என்பதில் அவர்களுக்குள் ஒரு ஒழுங்கு வந்துவிட்டது.

தொழிற்சாலையில் அரவிந்தவல்லி கேன்டீனுக்குப் போகும் நேரத்தை மாற்றிக்கொண்டாள். தங்கமாரியின் ஷிஃப்டுக்கு அவள் போவதில்லை. மீட்டிங் இருந்தது. ஆடிட் இருந்தது. எதுவும் இல்லாதபோது தலைவலி இருந்தது.

ஒருநாள் தட்டுக் கழுவுகிற அம்மா வழியில் மறித்தாள்.

"மேடம், அந்த தங்கமாரிப் பொண்ணு தட்ட மட்டும் கய்வவே தேவல. நக்கி வெச்சாப்ல பளபளன்னு கீது. அம்மாந் துன்னுது, பாரு, ஒடம்புல ஒண்ணியும் ஒட்ல."

கவனிக்கிறேன் என்று சொன்னாள் அரவிந்தவல்லி.

கவனிக்கவில்லை.

கார்த்திகை மழை ஒரு மத்தியானம் பிடித்துக்கொண்டிருந்தபோது தங்கமாரியே அவள் அறைக்கு வந்தாள். கதவைத் தட்டி, திறந்து, உள்ளே வந்தாள். வந்தவள் கதவை விடவில்லை. பின்னால் வருகிறவருக்குப் பிடித்துக்கொள்வது போல் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்ல விட்டாள்.

அவளை அரவிந்தவல்லிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. யூனிஃபார்ம் சட்டை ஹேங்கரில் தொங்குவது போல் தொங்கியது. குரல் மட்டும் பழைய குரல்.

லைனில் மயங்கி விழுந்தேன் மேடம் என்றாள். சூப்பர்வைசர் திட்டவில்லை, நல்ல மனுசன் என்றாள். மாத்திரை தந்தார்கள், சாப்பிட்டும் சரியாகவில்லை. ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன், ஹாஸ்டல் பாஸில் கையெழுத்து வேண்டும். சொல்லிக்கொண்டே எதிரில் இருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, மற்றதில் உட்கார்ந்தாள்.

அறையில் பச்சிலை வாடை அடித்தது.

அரவிந்தவல்லி பேனாவைத் தேடினாள். பேனா கையில்தான் இருந்தது.

"ஊர்ல யாரெல்லாம் இருக்கா?"

"அம்ம, அண்ணன், மைனி. மைனிக்குப் பிள்ள பொறந்திருக்கு மேடம். இப்பதான் சோறு ஊட்ட ஆரம்பிச்சிருக்காவ. வாயில வச்சாத் துப்புதானாம்." தங்கமாரி பக்கத்து நாற்காலியைப் பார்த்துச் சிரித்தாள். "இவளுக்கு ஒரே குதிப்பு. அவன எப்பப் பாப்போம், எப்பப் பாப்போம்னு."

ஜன்னலில் மழை வழிந்தது.

யார் என்று அரவிந்தவல்லி கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் இந்தப் பெண்ணை ஊருக்கு அனுப்ப முடியாது. அனுப்பாவிட்டால் அது இங்கேயே இருக்கும். இந்த மேசைக்கு எதிரில். தன் வீட்டிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ தூரத்தில். காலையில் மேதா மூன்றாவது தோசை கேட்டது நினைவுக்கு வந்தது. கன்னத்தில் சட்னியோடு கேட்டாள்.

கையெழுத்துப் போட்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும் மேடம்," என்று தங்கமாரி எழுந்தாள். மறுபடி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு போனாள்.

அரவிந்தவல்லி ஜன்னலுக்குப் போனாள். கேட்டுக்கு வெளியே சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போகும் ஷேர் ஆட்டோ நின்றது. ஷிஃப்ட் விட்ட நேரம். ஆட்கள் மழையில் முண்டியடித்தார்கள். தங்கமாரி பையோடு ஏறி, உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் இடமிருந்தது. ஒருவன் தலையைக் குனிந்து அந்த இடத்தில் உட்காரப் போனான். பாதியில் நின்றான். மன்னிப்புக் கேட்பவன் போல் ஏதோ சொல்லிவிட்டு இறங்கி, பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி தொற்றினான். அடுத்தவனும் உள்ளே பார்த்துவிட்டுப் பின்னால் போனான். டிரைவர் எட்டிப் பார்த்தார். ஃபுல் என்று கையைக் காட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

சாலைத் திருப்பத்தில் ஆட்டோ சாய்ந்தது. தங்கமாரி சட்டென்று கையை நீட்டி, அந்தக் காலி இடத்தில் எதையோ தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

அவள் கை காற்றில் சரியவில்லை. அங்கேயே நின்றது.